280 ரூபாய் ஒரு கூடைக்கு அல்ல

ஏ9 வீதியில் கிளிநொச்சிப் பக்கம் உள்ள ஒரு சீன உணவுக்கடையில் போன ஞாயிற்றுக்கிழமை 12,177 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் பசியோடு எழுந்து வந்தோம். கடையின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அதன் முடிவு வரட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தங்களை ஏற்றிக்கொண்டு அந்த வழியால் போகிறவர்கள், கடைகளின் விலைப்பலகையை அடிவரை வாசித்துவிட்டு உட்காருங்கள்.

கனடாவிலிருந்து அக்காவும் அத்தானும் இரண்டு பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். வவுனியாவுக்குப் போய்த் திரும்பும்போது முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம், அம்மா வழக்கம்போலக் கச்சான் வாங்கினார். பிள்ளைகளுக்குச் சோறு வேண்டாமாம். டம்ப்ளிங் என்ற எழுத்தைக் கண்டதும் வானை நிறுத்தச் சொன்னவர்களும் அவர்கள்தான்.

பலகையில் ஒரு மூங்கில் கூடையின் படம். அதற்குள் ஆறு இறால் டம்ப்ளிங். கீழே கொட்டை எழுத்தில் 280 ரூபாய். ஒரு கொத்து ரொட்டியே ஆயிரத்தைத் தொடும் காலத்தில் இதை நம்பியது என் மடத்தனம், ஒப்புக்கொள்கிறேன். நான்கு கூடையும், கையால் இழுத்ததென்று சொன்ன நூடுல்ஸில் மூன்று தட்டும் கேட்டோம்.

ஐம்பது நிமிடம் கழித்து வந்தது. ஒன்றைக் கடித்த அம்மா, பரிமாறிய பொடியனைக் கூப்பிட்டார். "தம்பி, இதுவும் ஒரு கொழுக்கட்டைதானே, அவிக்கத் தெரியாதா?" நான் ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன். மடிப்பு சேரும் இடத்தில் மா வெள்ளையாக, பச்சையாக இருந்தது. உள்ளே நிறையக் கோவா, சுண்டுவிரல் நகமளவு இறால். தொட்டால் குளிர்ந்தது. வெளியே ஆவி பறக்கிறது, நடுவில் பனிக்கட்டி! வேகாத இறாலைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது?

அத்தான் ஸ்காபரோவில் சீனச் சமையலறை ஒன்றில் பல வருடம் நின்றவர். வட சீனாவில் இதைத் தண்ணீரில் அவிக்கும்போது, கொதி வரக் குளிர்தண்ணீர் ஊற்றி, மறுபடி கொதிக்கவிட்டு, மூன்று தடவை அப்படிச் செய்வார்களாம். தோல் கிழியாமல் உள்ளே வேகுவதற்கான வழி அது. உறைந்ததை ஆவியில் வைத்தாலும் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். "கையால் மடித்தால் ஒன்று போல ஒன்று வராது. இங்கே இருபத்துநான்குக்கும் ஒரே மடிப்பு" என்று கூடையைத் தள்ளி வைத்தார்.

நூடுல்ஸ் இன்னும் மோசம். மாவைக் கையால் இழுத்து இழுத்து எடுக்கும் நூல் நீளமாக, நேராகக் கிடக்கும். தட்டில் இருந்ததோ அலை அலையாகச் சுருண்டிருந்தது. அந்தச் சுருள் இயந்திரத்தில் விழுவது, 1958இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த உடனடி நூடுல்ஸின் வம்சம். கை கழுவப் பின்பக்கம் போனேன். குழாயடியில் வெற்றுப் பாக்கெட்டுகள் ஒரு உரப்பை நிறையக் கிடந்தன.

பிறகுதான் கணக்கு. டம்ப்ளிங் 6,720, நூடுல்ஸ் 4,350, அதற்குமேல் பத்து வீதம் சேவைக் கட்டணம் 1,107. மேசையைத் துடைத்தது அக்கா! 280 என்பது ஒன்றின் விலையாம். பலகையின் அடியில் ஆங்கிலத்தில் மட்டும், எறும்பளவு எழுத்தில் அப்படி எழுதியிருந்தது. தமிழில் ஒரு சொல் இல்லை. "நாங்கள் மறைக்கவில்லையே அண்ணா, நீங்கள்தான் பார்க்கவில்லை" என்றார் காசாளர். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்கு ஏறிவிட்டது.

பற்றுச்சீட்டு கேட்டால் மெஷின் பழுது என்றார். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது என்று சொன்ன பிறகு, கொப்பித் தாளில் எழுதித் தந்தார். கடைப் பெயரும் எழுதவைத்தேன். அந்தத் தாளையும் பலகையின் படத்தையும் வைத்துக்கொண்டுதான் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தேன். பச்சை இறால் விஷயம் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் போயிருக்கிறது. இப்படி மாட்டுப்படுகிறவர்கள் சண்டை பிடிக்கும் முன் பலகையைப் படம் எடுத்துவிடுங்கள், மறுநாள் அது மாறியிருக்கலாம்.

பரந்தன் சந்தியில் விசுவமடுப் பக்கம் திரும்பும்போது சின்னவன் பசிக்கிறது என்று அழத் தொடங்கினான். அம்மா ஒன்றும் பேசாமல் கச்சான் சரையைப் பிரித்தார்.