மிராய்: வண்டி தங்கம், எரிபொருள்தான் தலைவலி

கலிபோர்னியாவில் சில வருடங்களாக, ஹைட்ரஜன் வாயுவில் ஓடும் இரண்டாம் தலைமுறை டொயோட்டா மிராய் கார் ஓட்டுகிறேன். வண்டியைக் குறை சொல்ல மனசு வராது. சத்தமே இல்லை, டேங்க் நிரம்ப ஐந்தே நிமிடம். புகைக்குப் பதில் தண்ணீர். கராஜ் நனையக்கூடாது என்றால் உள்ளே நுழையும்முன் பட்டனை அழுத்தி அதைக் கொட்டிவிடலாம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வித்தையைத்தான்.

தலைவலி எல்லாம் பங்க்கில். 700 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்கில், ஏற்றும்போது டேங்க் சூடாகிவிடக்கூடாது என்று வாயுவை மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்து அனுப்புகிறார்கள். காற்றில் ஈரம் இருந்தால் நாசில் காரோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். இழுத்தாலும் வராது. பனி உருகும்வரை நிற்க வேண்டியதுதான், பின்னால் நிற்பவர் முறைப்பார். எந்த பங்க் ஓடுகிறது என்று ஆப்பில் பார்க்காமல் கிளம்பவே கூடாது. 2024இல் ஷெல் இங்கே கார்களுக்கான ஹைட்ரஜன் பங்க்குகளை மூடியபின் நிலைமை இன்னும் மோசம். விலையும் கிலோ 36 டாலர் வரை போனது. 5.6 கிலோ டேங்க் நிரப்பினால் 200 டாலர்! புதுக் காரோடு டொயோட்டா தந்துவந்த 15,000 டாலர் எரிபொருள் கார்டு இல்லாவிட்டால் கட்டுப்படியாகாது.

சரி, சுற்றுச்சூழலுக்காவது நல்லதா? அமெரிக்க ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவை நீராவியோடு வினைபுரியவைத்து எடுப்பது. ஒரு கிலோவுக்கு 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு அங்கேயே வெளியேறிவிடும். மிராய் ஒரு கிலோவில் சுமார் 115 கிலோமீட்டர் ஓடும். அப்படிப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 78 முதல் 87 கிராம். நல்ல பெட்ரோல் ஹைப்ரிட் 110 கிராம் விடும். ஹைட்ரஜனை அழுத்துவதிலும் லாரியில் கொண்டுவருவதிலும் வெளியேறும் கார்பனையும் சேர்த்தால் அந்த வித்தியாசமும் சுருங்கும். அரசு உதவி பெற்ற பங்க்குகளில் விற்கும் ஹைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்கு புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வரவேண்டும் என்ற சட்டம் கொஞ்சம் ஆறுதல். சூரிய மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து எடுக்கலாமே என்பீர்கள். கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும். அதே மின்சாரத்தில் பேட்டரி கார் 300 கிலோமீட்டர் போய்விடும்.

பழைய மிராய் இப்போது அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது. வீட்டுக்கும் ஆபீசுக்கும் இடையே இரண்டு பங்க்காவது இருந்தால் யோசிக்கலாம். அப்புறம், எரிபொருள் மூடியைத் திறந்து உள்ளே ஒட்டியிருக்கும் தேதியைப் பாருங்கள். டேங்கின் ஆயுள் 15 வருடம். அந்தத் தேதி தாண்டினால் நிரப்பக்கூடாது.