இஎன்8 என்று வந்தது மைல்ட் ஸ்டீல்: ஆன்லைனில் ராடு வாங்குபவர்கள் கவனத்துக்கு

கோவையில் பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் செய்து கொடுக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. வழக்கமாக ராடு தரும் கடையில் அந்த மாதம் 25 எம்எம் ஸ்டாக் இல்லை, ஆர்டரோ அவசரம். தொழில் நிறுவனங்களுக்கான ஓர் ஆன்லைன் சந்தையில் 'இஎன்8 பிரைட் பார்' என்று விசாரணை போட்டேன். இஎன்8 என்பது சூடாக்கிக் குளிரவைத்தால் கடினமாகும், கார்பன் கூடுதலான இரும்பு; பிரைட் பார் என்பது மேற்பரப்பு வழுவழுப்பாக வரும் ராடு. பத்து நிமிடத்தில் ஐந்தாறு போன். ஒருவர் மட்டும் கிலோவுக்கு 6 ரூபாய் குறைத்துச் சொன்னார். அவர் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' முத்திரை, பத்து வருட அனுபவம் என்ற வரி. அப்புறம் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான். 2 டன், கிலோ 68 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்து 1,60,480 ரூபாய். லாரியில் ஏற்றும் முன் முழுப் பணமும் வேண்டும் என்றார். அனுப்பிவிட்டேன்.

சரக்கு சொன்ன நாளில் வந்து இறங்கியது. வராமலே போயிருந்தால் நஷ்டம் அந்தப் பணத்தோடு நின்றிருக்கும். வெர்னியரில் 25 எம்எம் சரியாக இருந்தது. விட்டத்தை வர்க்கம் செய்து 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 3.86 கிலோ வரும். எடையும் அப்படியே இருந்தது. ராடோடு வந்த மில்லின் டெஸ்ட் சர்டிபிகேட்டில் கார்பன் 0.41%. இஎன்8-க்கு 0.36 முதல் 0.44 வரை இருக்க வேண்டும் என்பதால் நிம்மதியாக ஃபைலில் போட்டுவிட்டேன்.

200 ஷாஃப்ட் கடைந்து, சாவித் தடம் வெட்டி, இண்டக்‌ஷன் ஹார்டனிங்குக்கு (மின்சாரத்தால் சூடாக்கி மேற்பரப்பைக் கடினமாக்கும் வேலை) அனுப்பினோம். மறுநாள் காலையில் அந்தப் பட்டறைத் தம்பி கூப்பிட்டார். "அண்ணா, ரெண்டு தடவை ஓட்டிட்டேன், ஹார்ட்னஸ் ஏறவே மாட்டேங்குதுங்க. அரம் போட்டா அப்படியே கடிக்குது. ராடு என்னன்னு பாருங்க."

எங்கள் மூத்த டர்னர் ஒரு துண்டை எடுத்துக் கிரைண்டிங் வீலில் வைத்தார். கார்பன் உள்ள இரும்பென்றால் பொறி நுனியில் பூப்பூவாக வெடிக்கும். இதில் நீள நீளமாகக் கோடு ஓடியதே தவிர வெடிப்பே இல்லை. அவர் பேசாமல் மெஷினை நிறுத்தினார். லேபில் இரும்பின் கலவையை அளக்கும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் முடிவில் கார்பன் 0.18%. கார்பன் குறைவான சாதாரண மைல்ட் ஸ்டீல். சர்டிபிகேட்டில் இருந்த மில்லுக்கு மெயில் போட்டால், அந்த ஹீட் நம்பர் (உருக்கிய தொகுதியின் எண்) தங்களுடையதே இல்லை என்று பதில் வந்தது.

ராடு விலை போகட்டும். 200 ஷாஃப்ட்டின் கூலி, மெஷின் நேரம், கரண்ட் எல்லாம் போனது. டெலிவரி பன்னிரண்டு நாள் தள்ளியதில் கம்பெனி அடுத்த ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டது. அந்த பில்லும் 2பி-யில் (விற்றவர்கள் கணக்குக் காட்டிய பில்களை ஜிஎஸ்டி தளம் நமக்குத் தரும் பட்டியல்) வரவே இல்லை, அதனால் கட்டிய 24,480 ரூபாய் வரியை இன்புட்டாகக் கழித்துக்கொள்ளவும் முடியவில்லை.

விற்றவர் நம்பரை பிளாக் செய்துவிட்டார். இணையதளத்தில் கேட்டால், "நாங்கள் இருவரையும் அறிமுகம் செய்வதோடு சரி" என்றார்கள். அந்த முத்திரை ஆண்டுச் சந்தா கட்டினால் கிடைப்பது என்பதே அப்போதுதான் தெரிந்தது. நுகர்வோர் நீதிமன்றமும் நமக்கு உதவாது. 2019 சட்டப்படி, வியாபாரத்துக்காகப் பொருள் வாங்குபவர் பொதுவாக நுகர்வோர் கணக்கில் வரமாட்டார். காவல் நிலையத்தில் சரக்கு வந்துவிட்டதே, சிவில் வழக்குப் போடுங்கள் என்றார்கள். (பணம் வாங்கிவிட்டுச் சரக்கே அனுப்பவில்லை என்றால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். நேரம் போகப் போகப் பணத்தை முடக்குவது கஷ்டம்.)

இதெல்லாம் ஆனபிறகுதான் ஜிஎஸ்டி தளத்தில் அவருடைய எண்ணைப் போட்டுப் பார்த்தேன். லாகின் கூடத் தேவையில்லை, பதிவான தேதியும் ரிட்டர்ன் போட்ட விவரமும் யாருக்கும் தெரியும். பத்து வருட அனுபவக்காரரின் பதிவு நான் வாங்கிய அன்று மூன்று மாதப் பழசு. பணம் அனுப்பும் முன் அதை இரண்டு நிமிடம் பார்த்திருக்க வேண்டும்.

ஆன்லைனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்செர்ட், பெல்ட், கையுறை எல்லாம் இன்றும் அங்கேதான் வாங்குகிறேன். கண்ணால் பார்த்துத் தரம் தெரியாத மூலப்பொருளுக்கு மட்டும் முழு முன்பணம் தராதீர்கள். ராடு வந்ததும் ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்புங்கள், ரிசல்ட் வரும்வரை லேத்தில் ஏற்றாதீர்கள். எனக்கு அந்த டெஸ்ட்டுக்கு ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

மீதி 75 ராடுகள் முனையில் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஷெட் மூலையில் நிற்கின்றன. மைல்ட் ஸ்டீல் என்று பில்லில் எழுதி, அந்த விலைக்கே தருகிறேன். கிரில், கேட் வேலை செய்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.