ஏற்காட்டுப் பழைய கல்லறைகள்: சிமெண்டா, சுண்ணாம்பா?

ஏற்காட்டின் ஆங்கிலேயர் காலக் கல்லறைகளைச் சீர்செய்து, ஊரார் இளைப்பாறும் தோட்டமாக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. விரிசலை எதால் பூசுவது?

சிமெண்ட் சீக்கிரம் இறுகும். கொத்தனாரும் எளிதில் கிடைப்பார். ஆனால் பழைய செங்கல்லைவிட அது கெட்டி. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழையும் மூடுபனியும் நிறைந்த இடத்தில், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பாகப் பூத்துச் செங்கல்லையே உதிர்த்துவிடும்.

சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். வெடித்தாலும் காரைதான் வெடிக்கும், கல் தப்பும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல இறுகுவதால், சாக்கு போர்த்தி நனைத்துவர வேண்டும். அடைமழையில் வேலை ஆகாது. கடுக்காய், வெல்லம் ஊறிய நீர் சேர்த்துக் குழைக்கத் தெரிந்த கைகள் குறைவு. தேடிப் பிடிக்கத்தான் வேண்டும்.

நடைபாதைக்கும் பெஞ்சுக்கும் சிமெண்ட் போதும். கல்லறைமேல் வேண்டவே வேண்டாம். எழுத்துள்ள கல்லில் கம்பி பிரஷும் கூடாது.