மெட்டடாரா, 407-ஆ? ஒரே மாசத்தில் தொடங்கிய இரண்டு வண்டிகள்

நானும் என் மச்சானும் ஒரே மாசத்தில் ஆளுக்கொரு பழைய சரக்கு வண்டியை, வீட்டிலேயே வைத்துச் சரிசெய்து ஓட்டலாம் என்று இழுத்து வந்தோம். எனக்கு 1994 மாடல் டாடா 407. மீனாட்சிபுரம் பக்கம் ஒரு தோப்பில் காய்ந்த தென்னை மட்டைகளுக்கு அடியில் கிடந்தது. அவருக்கு பஜாஜ் டெம்போ மெட்டடார். வண்டித்தாவளத்தில் ஒரு புளியமரத்தடியில் அதற்குள் கோழி அடைந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரு காலத்தில் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவின் கள்ளு வண்டிகள். காலையில் இறக்கிய கள்ளை ஏற்றிக்கொண்டு பொழுது ஏறுவதற்குள் திருச்சூர், எர்ணாகுளம் என்று போய்ச் சேர வேண்டிய ஓட்டம்.

என் வண்டி இப்போது வேலந்தாவளம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போகிறது. மச்சானின் வண்டி மூன்றாவது வருஷமாக நாலு கட்டைகளின் மேல் நிற்கிறது. ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதில் ரகசியம் ஏதுமில்லை.

ஆனால் மெட்டடாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அழகில் 407 அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து டெம்போ கம்பெனியின் உறவில் 1958-ல் இங்கே தொடங்கியது பஜாஜ் டெம்போ. 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. கம்பெனி பெயர் மாறினாலும் எங்கள் ஊரில் எந்தச் சின்னச் சரக்கு வண்டியும் இன்றைக்கும் ‘டெம்போ’தான். என் 407-ஐயும் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

மெட்டடாரின் கெட்டிக்காரத்தனம் அதன் முன்சக்கர இழுப்பு. எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னாலேயே முடிந்துவிடும். பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிடையாது, கிரவுன் என்ற பல்சக்கரம் இருக்கும் கனத்த ஹவுசிங் கிடையாது. அதனால் சரக்குத் தட்டு தரைக்கு வெகு பக்கத்தில் இருக்கும். நிறைந்த கள்ளுக் கேனை இடுப்புக்கு மேல் தூக்காமலே உள்ளே தள்ளலாம். 407-ல் அதே கேனை நெஞ்சு உயரத்துக்குத் தூக்க வேண்டும். தினமும் ஏற்றி இறக்குகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை. எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு. தக்காளிப் பெட்டி ஏற்றும் ஒவ்வொரு நாளும் மெட்டடாரை நினைத்துக்கொள்கிறேன்.

அந்த அனுகூலத்துக்கு ஒரு விலையும் உண்டு. பின்னால் பாரம் ஏற ஏற முன்சக்கரத்தின் பிடி குறையும், ஏற்றத்தில் இன்னும் குறையும். நனைந்த ஏற்றத்தில் இழுக்கிற சக்கரமே சுற்றிக்கொண்டு நிற்கும். கொழிஞ்சாம்பாறை மாதிரி சமதரையில் இது தெரியாது. நெல்லியாம்பதி ஏறப் போகிறவர்கள் யோசிக்கணும்.

எஞ்சினில் இரண்டுமே நல்ல சாதி. பின்னாளைய மெட்டடார்களில் வந்தது மெர்சிடிஸ் ஓ.எம். 616 வழியில் வந்த டீசல், 2.4 லிட்டர். மெர்சிடிஸ் 240 டி காரை ஓட்டியதும் இதே குடும்பம்தான். காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை காத்திருந்து சாவியைத் திருப்பினால், லாரி என்ற நினைப்பே இல்லாமல் முனகும். 407-ன் 497 எஞ்சினுக்குப் பெயரிலேயே ஜாதகம் எழுதியிருக்கிறது: நாலு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 100 மில்லிமீட்டர், மொத்தம் 2956 சி.சி. சத்தம் அதிகம், நயம் குறைவு, ஆனால் இழுக்கும்.

ஜப்பான் வண்டிகளையும் பார்க்காமல் இல்லை. எண்பதுகளில் டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி என்று நாலு கூட்டணிகள் இறங்கின. 1986-ல் வந்த 407 அவற்றை எதிர்த்து நின்று ஜெயித்தது. டி.சி.எம். டொயோட்டா டேவூவாகிப் போனது, ஆல்வின் நிசான் மஹிந்திராவிடம் சேர்ந்தது. தாய்வீடு இல்லாத வண்டியை வீட்டுக் கொட்டகையில் வைத்துச் செய்வது எனக்குச் சரிப்படாது என்று தோன்றியது, விட்டுவிட்டேன். ஸ்வராஜ் மஸ்தாவை நானே கழற்றிப் பார்த்ததில்லை; அதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

டீசல் செலவில் பெரிய வித்தியாசமில்லை, வாங்கின விலையில் உண்டு. என் வண்டி ஒரு லட்சத்துப் பத்தாயிரம், மச்சானுடையது அறுபத்தைந்தாயிரம். அந்த நாற்பத்தைந்தாயிரம் மிச்சம் என்று அவர் அன்றைக்கு எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். பழைய வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுச் செய்வது வேறு, வீட்டில் வைத்துச் செய்வது வேறு. நமக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமையும், தோப்பு வேலை ஓய்ந்த சாயங்காலமும்தான். வண்டியைக் கழற்றுவது எளிது. ஒரு வாரத்தில் எல்லாமே தரையில் கிடக்கும். அப்புறம் ஒரு சாமான் வராமல் வேலை நிற்கும். நிற்கிற நாளில் என்ன நடக்கும் தெரியுமா? தேய்த்துப் பளபளவென்று வைத்த டிரம்மில் மறுபடி துரு பூக்கும். பெயிண்ட் டப்பாவில் போட்டுவைத்த போல்ட்டுகள் எது எங்கே என்று மறந்துபோகும். பேரன் ஒரு நட்டைக் கொண்டுபோய்க் கிணற்றில் போடுவான். கடைசியில் ஆசையும் துருப்பிடிக்கும். அதனால் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: சனிக்கிழமை உடைந்தது ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்குமா?

407-க்குக் கிடைக்கும். அந்தப் பெயரில் வண்டி இன்னும் கம்பெனியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. பின் பிரேக்கின் வீல் சிலிண்டர் இரண்டும் ஒழுகியது ஒரு சனிக்கிழமை காலை. பொள்ளாச்சிக் கடைக்குப் போன் போட்டேன், பஸ்ஸில் கொடுத்துவிட்டார்கள், மதியம் கோபாலபுரத்தில் போய் வாங்கிக்கொண்டேன். கிங் பின், புஷ், கிளட்ச் பிளேட், முன்கண்ணாடியின் ரப்பர் பீடிங் வரை கடைக்காரர் பட்டியலைப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தார். டேஷ்போர்டு மட்டும் தகராறு செய்தது. புது மாடலுடையது பழைய கேபினில் உட்காராது, அதற்குக் கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தேன். ஆனால் அங்கே அலைவதிலும் ஒரு நம்பிக்கை உண்டு: உடைபடுகிற 407 எப்போதும் ஒன்றாவது நிற்கும்.

மெட்டடாரின் எஞ்சின் சாமானுக்கும் பயமில்லை. அதே வம்சத்து எஞ்சின் அதே கம்பெனியின் டிராக்ஸ், டிராவலர் வண்டிகளிலும் ஓடியதால் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மச்சான் ஒரே மாசத்தில் சேர்த்துவிட்டார். எஞ்சின் கட்டி, ஸ்டார்ட் பண்ணி, எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம். பிரச்சினை அதற்கு அடுத்த முழத்தில் இருந்தது. கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் ஷாஃப்ட். சக்கரத்தை இழுக்கவும் வேணும், ஸ்டியரிங்கோடு திரும்பவும் வேணும், அதனால் அதன் ஜாயிண்ட்தான் முதலில் தேயும். இடது பக்கம் நன்றாக இருந்தது; வலது பக்கம் கையில் எடுத்தாலே கடகடவென்று ஆடியது.

அந்த ஒரு சாமானுக்கு அவர் அலைந்த அலைச்சலை எழுதினால் தனிக் கதை. பாலக்காடு, திருச்சூர், கோயமுத்தூர், ஈரோடு. ஆக்ரிக் கடை, காயலான் கடை என்று இரண்டு பாஷையிலும் கேட்டாயிற்று. கிடைத்ததெல்லாம் அவருடையதைவிடத் தேய்ந்தவை. ஏன் என்றால் மெட்டடார் ஓய்ந்துபோனதே பாதி இடத்தில் அந்த ஷாஃப்டால்தான். பழைய வண்டியிலிருந்து எடுக்கலாம் என்றால், எல்லாப் பழைய வண்டியிலும் போனது அதே உறுப்பு. அப்புறம் ஒரு லேத்தில் புதிதாகக் கடைந்து வாங்கினார். பார்க்க அசல் மாதிரியே இருந்தது. வீட்டு வாசலைத் தாண்டித் தாராபுரம் ரோட்டில் ஏறி, வலது பக்கம் ஒடித்த இடத்திலேயே டப்பென்று போனது. இரும்பைக் கடைவது ஒரு வேலை, அதைப் பதம் போட்டு இறுக்குவது வேறு வேலை என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இதே இடத்தில் தனியாள் வேலையையும் சொல்லணும். 407 பாதி மூக்கு வைத்த வண்டி. பானெட்டைத் திறந்தால் எஞ்சின் முகம் தெரியும், மிச்சத்தைக் கேபினுக்குள் இருக்கும் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். கியர்பாக்ஸ் பின்னால் தனியாகத் தொங்குகிறது. ஜாக்கியும் கட்டையும் இருந்தால் நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் இறக்கி ஏற்றிவிடுவோம். மெட்டடாரில் எல்லாம் முன்னால் ஒரே கட்டி. கொட்டகை விட்டத்தில் செயின் பிளாக் மாட்டித்தான் ஆகணும். மச்சான் வீட்டு விட்டம் பனை. அது தாங்குமா என்று அக்கா, அதாவது அவர் சம்சாரம், ஒவ்வொரு தடவையும் வாசலில் வந்து நின்று பார்ப்பார்.

துரு விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே யோகம். எங்கள் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி, இரும்பு கொஞ்சம் பிழைக்கும். கடலோரத்தில் ஓடின வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கள்ளு வண்டிக்கு மட்டும் ஒரு தனி வியாதி: சிந்தின கள் புளித்துப் புளித்துத் தட்டின் மூலைகளைத் தின்றிருக்கும். மேலே பட்டி போட்டு மறைத்திருப்பார்கள், சுத்தியலால் தட்டினால் சத்தம் காட்டிக்கொடுக்கும். என் 407-ல் பின் தட்டு முழுக்க வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்தேன். அதற்குத் தடித்த சேஸ் மேல் தனியாக உட்காரும் பாடி வசதியாக இருந்தது. கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடியைப் பார்க்கலாம்.

காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம். சேஸில் அடித்த நம்பர் தெளிவாகத் தெரிகிறதா என்று வாங்கும் முன்பே தேய்த்துப் பாருங்கள், எப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதி என்ற சான்றுக்கு, போகும்போது பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள். அந்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது, பெயிண்ட் அடிக்கும்போது கிரீஸ் தடவி மூடுங்கள். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எப்.சி., பதினைந்து தாண்டியதற்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணமும் கூடிவிட்டது. பொள்ளாச்சிக்காரர்கள் மலிவு என்று எங்கள் பக்கம் வந்து கே.எல். 70 என்ற சித்தூர்ப் பதிவு வண்டி வாங்கினால், என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றைக் கையில் வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாசத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாகணும். 2021-ல் வந்த விண்டேஜ் பதிவை நம்பவும் வேண்டாம். ஐம்பது வயது ஆகியிருக்கணும், வாடகைக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக் கூடாது. முதல் 407-க்கே 2036 வரை பொறுக்கணும்.

விற்கும்போது என்ன கிடைக்கும் என்று கேட்டால், நான் விற்றுப் பார்த்ததில்லை. மூன்று பேர் வந்து விலை கேட்டார்கள், மூன்றுமே நான் செலவழித்ததில் பாதியைத் தாண்டவில்லை. மச்சானின் மெட்டடாரை எர்ணாகுளத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஓடாத நிலையிலேயே அவர் வாங்கினதுக்கு இரண்டு மடங்கு சொன்னார். ஹோட்டல் வாசலில் நிறுத்தி உள்ளே டீக்கடை போடப் போகிறாராம். மச்சான் கொடுக்கவில்லை. “ஓடுற வண்டி மாப்பிள்ளை அது, கடை வைக்கிறதுக்கா?” என்றார். அன்றைக்கு நான் அவரோடு சண்டை போட்டேன்; இப்போது அவர் பேச்சில் நியாயம் இருந்த மாதிரியும் படுகிறது.

போன வாரம் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேக்கரி மெட்டடார் கோழித்தீவன மூட்டைகளோடு நிற்கிறது என்று தகவல் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை என் 407-ல்தான் போகிறோம். முன்னால் ஜாக்கி வைத்துத் தூக்கி, வலது சக்கரத்தைக் கையால் சுற்றி, காதை வைத்துக் கேட்கணும். கடகடக்காமல் இருந்தால் வண்டியையே பின்னால் கட்டி இழுத்து வந்துவிடலாம் என்று கயிற்றைக்கூட மச்சான் எடுத்து வைத்துவிட்டார்.