சின்ன லேத்துக்கு எந்த மேசை: மரமா, இரும்பா, கொங்கிறீட்டா?

மார்ச் மாதம் நேராகக் கடைந்து தந்த அதே லேத் (கடைசல் இயந்திரம்), ஜூன் மாதம் தண்டின் ஒரு முனையைப் பருமனாக விட்டது. 100 மில்லிமீற்றர் நீளத்தில் விட்டம் 0.04 மில்லிமீற்றர் கூடியிருந்தது. கத்தி புதிது. துண்டைப் பிடித்துச் சுழற்றும் சக் இறுக்கமாகத்தான் இருந்தது. தண்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டொக்கை நான் தொடவே இல்லை. இரண்டு சனிக்கிழமைகள் மெசினைக் கழற்றிப் பூட்டிய பிறகுதான் குனிந்து மேசையைப் பார்த்தேன். மொறட்டுவையிலிருந்து ஆசையாக வாங்கி வந்த இரண்டு அங்குல மகோகனிப் பலகை, மழைக்காலம் தொடங்கியதும் மெல்லக் கிண்ணம்போல வளைந்திருந்தது. அதில் போல்ட் போட்டு இறுக்கிய லேத்தும் பலகையோடு சேர்ந்து முறுகியிருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு இரும்பில் ஒரு மேசை செய்தேன். கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பனுக்குக் கொங்கிறீட் மேசை போடக் கூடவே நின்றேன். தெஹிவளைத் தொடர்மாடியில் இருக்கும் மச்சானுக்கு மரத்திலேயே ஒன்று செய்து கொடுத்தோம். மூன்றும் இன்று வேலை செய்கின்றன. ஆனால் மூன்றும் ஒரே மாதிரி அல்ல. கொழும்பில் வீட்டு மூலையில் லேத் வைக்க நினைக்கிறவர் எதைத் தெரிவு செய்யலாம் என்று எனக்கு இப்போது ஒரு தெளிவு உண்டு.

முதலில் மேசையின் வேலை என்ன என்று பார்ப்போம். வீட்டுக்காரர்கள் அதிகம் வாங்கும் ஏழு அங்குல மினி லேத் சுமார் 40 கிலோதான் இருக்கும். ஒரு ஆள் ஏறி நிற்கக்கூடிய எந்த மேசையும் அதைத் தாங்கும். ஆகவே பாரத்தை மட்டும் பார்த்தால் எல்லா மேசையும் நல்ல மேசையாகவே தெரியும். பிரச்சினை முறுக்கில் இருக்கிறது. சின்ன மெசின்களின் பெட், அதாவது மற்றப் பகுதிகள் எல்லாம் பொருந்தி நிற்கும் அடிப்பாகம், வார்ப்பிரும்பாக இருந்தாலும் ஒடுங்கியது. சமமில்லாத பலகையில் அதை நான்கு மூலையிலும் இறுக்கினால் பலகையின் வளைவைப் பெட்டும் எடுத்துக்கொள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லேத்தின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே 100 மில்லிமீற்றர், சக்கின் நடுப்புள்ளி பெட்டிலிருந்து 90 மில்லிமீற்றர் உயரம் என்று வையுங்கள். டெயில்ஸ்டொக் பக்கத்தில் ஒரு கால் மட்டும் 0.1 மில்லிமீற்றர் உயர்ந்து, அது முழுக்க முறுக்காக மாறினால், அந்த முனையில் கத்தி நுனி குறைந்தது 0.09 விலகும். விட்டத்தில் அது இரட்டிப்பாகி 0.18 ஆகிவிடும். 0.1 என்பது ஒரு ஃபோட்டோகொப்பித் தாளின் தடிப்பு. ஒரு தாள் தடிப்புக்கு இந்தத் தண்டனை.

இங்கே பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. மேசை ரசமட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று மணிக்கணக்கில் மினக்கெடுவார்கள். லேத் பூமிக்கு மட்டமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களின் எஞ்சின் அறைகளிலும் லேத் உண்டு. நடுக்கடலில் ஆடிக்கொண்டே அவை வேலை செய்கின்றன. பெட்டின் இரண்டு முனையும் ஒரே அளவு சரிந்திருந்தால் போதும். ரசமட்டம் அந்த ஒற்றுமையைப் பார்ப்பதற்கான கருவி, அவ்வளவுதான். அதற்கும் மேசன்மார் வைத்திருக்கும் ரசமட்டம் போதாது. மெசின் வேலைக்கான ரசமட்டம் ஒரு மீற்றருக்கு 0.02 மில்லிமீற்றர் சரிவைக் காட்டும்.

சரி, இனி மேசைகள்.

மரம் என்றவுடன் என் கதையை வைத்து வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிழை மரத்தில் இல்லை, நான் தெரிவு செய்த அகலப் பலகையில் இருந்தது. மரம் நார் ஓடும் நீளப்போக்கில் ஈரத்துக்கு அசைவதே இல்லை என்று சொல்லலாம். அகலப்போக்கில்தான் ஊதிச் சுருங்கும். கொழும்புக் காற்று வருடம் முழுவதும் ஈரம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் இன்னும் கூடும். முழுப் பலகைக்கு இது ஒத்துவராது. பிளைவூட்டில் ஒவ்வொரு அடுக்கும் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்து வைத்துக்கொள்கிறது. மச்சானுக்குச் செய்த மேசையில் 18 மில்லிமீற்றர் பிளைவூட் இரண்டை ஒட்டி 36 ஆக்கினோம். நான்கு அங்குலச் சதுரக் கால்கள். பின்பக்கத்தில் முழு நீளத்துக்கும் ஒரு பிளைவூட் தகடு, மேசை பக்கவாட்டில் ஆடாமல் இருப்பதற்கு. லேத்தின் கால்கள் மரத்தில் படவில்லை. கீழே 10 மில்லிமீற்றர் இரும்புப் பட்டை இரண்டு போட்டு அவற்றின் மேல் வைத்தோம். மரத்தில் நேரடியாக இறுக்கினால் வோஷர் மெல்ல மெல்ல உள்ளே அமிழ்ந்து, இறுக்கம் தளர்ந்துவிடும்.

மரத்தின் பெரிய நன்மை சத்தம். அதிர்வை அது விழுங்கிவிடுகிறது. மூன்றாம் மாடியில், கீழ் வீட்டில் குழந்தை தூங்கும் நேரத்தில் லேத் ஓடுவதற்கு இது பெரிய விஷயம். வெல்டிங்காரர் தேவையில்லை, படிக்கட்டால் துண்டு துண்டாக ஏற்றிப் பூட்டலாம். தீமை எண்ணெய். மேலே தகரத் தட்டு ஒன்று விளிம்பு மடித்துப் போடாவிட்டால் ஆறு மாதத்தில் மேசை கறுத்து ஊறிப்போகும். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையைக் கிட்டவும் எடுக்காதீர்கள். கடையும்போது சூடு தணிக்க விடும், தண்ணீர் கலந்த குளிரூட்டித் திரவம் ஒரு தடவை ஊற்றுப்பட்டால் விளிம்பு பாண்போல உப்பிவிடும்.

இரும்பைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு இதுவே பொருந்தும் என்பது என் எண்ணம். 50க்கு 50 மில்லிமீற்றர் பொக்ஸ் பார், அதாவது உள்ளே வெற்றான சதுர இரும்புக் குழாய், 3 மில்லிமீற்றர் சுவர். நாலு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டரை அடி உயரக் கால் என்று எடுத்தால் மேல் சட்டம், கீழ் சட்டம், லேத் காலுக்கு நேர் கீழே இரண்டு குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்த்து இருபது அடி நீளத் துண்டு இரண்டுக்குள் அடங்கிவிடும். மீற்றருக்கு நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஆக ஏறக்குறைய 50 கிலோ. பழைய சோனகத் தெருவில் நடந்தால் பார், போல்ட், தகடு எல்லாம் ஒரே காலையில் வாங்கி முடிக்கலாம்.

வெல்டிங்கில்தான் கவனம் வேண்டும். எனக்குச் செய்து தந்த அண்ணை முதலில் சொன்னது இது: “தம்பி, ஒரு மூலையை முழுசா ஒட்டிப்போட்டு மற்ற மூலைக்குப் போனா சட்டம் இழுத்துப்போடும். முதல்ல எல்லா இடமும் புள்ளி புள்ளியாப் பிடிப்பம், மூலைக்கு மூலை அளந்து பாப்பம், அதுக்குப் பிறகு மாறி மாறி ஒட்டுவம்.” அப்படியே செய்தார். ஒட்டின இடம் ஆறும்போது சுருங்கும். ஒரே பக்கத்தில் சுருங்கினால் சட்டம் அந்தப் பக்கம் இழுபடும். இரண்டு குறுக்களவும் ஒரு மில்லிமீற்றருக்குள் வந்தது. அவசரமாக ஒட்டித் தருகிறவரிடம் கொடுத்தால் மேசை நொண்டியாகத்தான் வரும்.

இரும்பின் குறை, அது மணிபோல ஒலிக்கும். வெற்றுப் பொக்ஸ் பார் அதிர்வைப் பிடித்துப் பெருக்கினால் கடைந்த மேற்பரப்பில் வரிவரியாக நடுக்கம் விழும். கால்களுக்குள் மணல் நிரப்பினால் இது வெகுவாகக் குறையும். ஆற்று மணலாக இருக்க வேண்டும், வெயிலில் நன்றாகக் காய வைத்திருக்க வேண்டும். கடற்கரை மணலை அள்ளி வந்து போட்டால் உப்பு உள்ளிருந்தே காலைத் தின்னும். வெள்ளவத்தையில் கடலுக்குப் பக்கமாக இருப்பவர்களுக்கு வெளியே உப்புக்காற்று வேறு. துருத் தடுப்புப் பூச்சு இரண்டு தடவை அடித்துவிட்டுத்தான் மற்றப் பெயின்ட்.

இரும்பு மேசையில் எனக்கு மிகவும் பிடித்தது, திருத்த முடிவது. நம்முடைய பின்விறாந்தைகளின் நிலம் தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்தே போடப்பட்டிருக்கும். ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு நட்டை ஒட்டி 12 மில்லிமீற்றர் போல்ட் போட்டால் நான்கு காலும் நிலத்தில் சமமாக ஊன்றும். மேலேயும் லேத்தின் ஒவ்வொரு காலுக்கும் இதே ஏற்பாடு. இது புதிய யோசனை இல்லை. 1946இல் வந்த மைஃபோர்ட் தொழிற்சாலையின் எம்.எல்.7 லேத்துக்கும், நட்டுத் திருகி உயரம் மாற்றக்கூடிய தாங்கு கட்டைகளை இங்கிலாந்தில் நொட்டிங்காம் பக்கத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையே விற்றது.

கொங்கிறீட் மேசை போட்ட நண்பனுடையது சொந்த வீடு, நிலத் தளம். இரண்டு செங்கல் தூண், மேலே 1.2 மீற்றருக்கு 0.6 மீற்றர் பலகை, மூன்று அங்குலத் தடிப்பு, உள்ளே 10 மில்லிமீற்றர் கம்பி வலை. அந்தப் பலகை மட்டும் 130 கிலோ வரும். அதன் மேல் லேத் ஓடும்போது கையை வைத்துப் பார்த்தேன், அதிர்வே இல்லை. நடுவில் சமநிலை இல்லாத ஒரு துண்டைச் சக்கில் பூட்டிச் சுற்றினாலும் மேசை அசையாமல் நின்றது. உறுதியை மட்டும் பார்த்தால் இதற்கு நிகர் மற்ற இரண்டிலும் இல்லை.

ஆனால் பொறுமை வேண்டும். ஊற்றின பிறகு ஒரு வாரமாவது ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டும், 28 நாள் போன பிறகுதான் அதன் பலத்தை நம்பலாம். சுருக்கம் அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் மெல்ல நடக்கும். அதனால் லேத்தை உடனே கடைசி அளவுக்குச் சரிபார்த்து முடித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. மேற்பரப்புக்குப் பெயின்ட் கட்டாயம். பூசாத சீமெந்து எண்ணெயைக் குடிக்கும், அதைவிட மோசம், உதிரும் தூசு பெட்டின் வழுக்குப் பரப்பில் உப்புத்தாள்போல உரசும். வாடகை வீட்டில் இதை யோசிக்கவே வேண்டாம். மேல்மாடித் தளத்தில் இந்தப் பாரத்தை வைப்பதும் சரியில்லை.

மெசினோடு சேர்த்து விற்கும் தகரப் பெட்டி ஸ்டாண்ட் பார்க்க அழகு. தகரம் மெல்லியது. பழைய கந்தோர் இரும்பு மேசை மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் மேல் தகட்டை அப்படியே நம்பாமல் பிளைவூட்டும் இரும்புப் பட்டையும் போட்டுத்தான் பாவிக்க வேண்டும்.

என்னிடம் கேட்டால், தொடர்மாடியில் இருப்பவர் பிளைவூட் மேசை செய்யட்டும், மேசைக் காலடியில் தடித்த றப்பர் வைக்கட்டும். றப்பரை லேத்துக்கும் மேசைக்கும் நடுவில் வைக்கக் கூடாது, மேசைக்கும் நிலத்துக்கும் நடுவில்தான். சுவரோடு மேசையைப் பூட்டவும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்குச் சத்தம் சுவர் வழியாகவே போகும். சொந்த வீட்டில் நிலத் தளம் இருந்து, இனி இடம் மாற்றுவதில்லை என்று உறுதியாக இருப்பவர் கொங்கிறீட் போடலாம். மற்ற எல்லோருக்கும், குறிப்பாக இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வீடு மாறுகிற எங்களைப் போன்றவர்களுக்கு, இரும்புதான்.

எந்த மேசை என்றாலும் உயரத்தை உங்கள் உடம்பை வைத்து எடுங்கள். சக்கின் நடு உங்கள் முழங்கைக்கு நேராக வந்தால் முதுகு பிடிக்காது. என் முழங்கை நிலத்திலிருந்து 104 சென்ரிமீற்றர். மினி லேத்தின் சக் நடு மேசையிலிருந்து சுமார் 20 சென்ரிமீற்றர் மேலே நிற்கும். ஆக மேசை 84. பிளக்கையும் சுவிட்சையும் சுழலும் சக்குக்கு மேலால் கையை நீட்டி எட்ட வேண்டிய இடத்தில் வைக்காதீர்கள். பழைய டியூப் லைட் ஒன்றை மட்டும் நம்பியும் வேலை செய்யாதீர்கள். எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 தடவை மின்னும். சில வேகங்களில் சுற்றுகிற சக் நிற்பதுபோலத் தெரியும்.

கடைசியாக முறுக்கைப் பார்க்கும் முறை. ஓர் அங்குலத்துக்குக் குறையாத தண்டு ஒன்றைச் சக்கில் மட்டும் பூட்டுங்கள், டெயில்ஸ்டொக் வேண்டாம். இரண்டு முனையிலும் ஒரு வளையம் விட்டு நடுவை மெலிதாக்கி, இரண்டு வளையத்தையும் கத்தியின் ஆழத்தை மாற்றாமல் ஒரே அமைப்பில் மிக மெல்லியதாகச் சீவுங்கள். மைக்ரோமீற்றரால் அளவுங்கள். வெளி முனை பருத்திருந்தால் டெயில்ஸ்டொக் பக்கத்து முன்காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள், மெலிந்திருந்தால் இறக்குங்கள். மறுபடி சீவி, மறுபடி அளவுங்கள். என் இரும்பு மேசையில் முதல் நாள் இதற்கு மூன்று மணித்தியாலம் எடுத்தது. இப்போது ஜூனில் ஒரு தடவை, மழை முடிந்த ஜனவரியில் ஒரு தடவை பார்க்கிறேன். போன ஜூனில் போல்ட்டைத் தொட வேண்டி வரவில்லை.