வாரிக் அதிகாலைச் சந்தை: காவடிக்கும் கூழுக்கும் சாமான் வாங்குவோருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காவடிக்கோ மாரியம்மன் கூழுக்கோ சாமான் வாங்க முதலில் போக வேண்டிய இடம் இன்றைக்கும் வாரிக் அதிகாலைச் சந்தைதான். மால்களில் ஆயத்தமாகக் கட்டி விற்கும் பூஜைப் பொட்டலம் வேலையைச் சுருக்கும், உண்மை. ஆனால் குடுமி இல்லாத தேங்காயும் ஒரு முழம் பிளாஸ்டிக் பூவும் விரதம் இருப்பவர் கையில் கொடுக்கத் தக்கவை அல்ல. பத்து நாள் விரதத்தில் பூ தேர்வதும் சரம் கோப்பதும் விரதத்தின் பகுதிதான்.

பெரியா (Berea) ரயில் ஸ்டேஷனை ஒட்டித்தான் சந்தை. விடியுமுன் போய்விட வேண்டும். நல்ல சரக்கு முதலில் வருபவர்களுக்குத்தான். கார்டை நம்பிப் போகாமல் சில்லறை நோட்டாக எடுத்துப் போங்கள், பையை முன்பக்கம் மாட்டுங்கள். மினிபஸ் டாக்சிகள் மொய்க்கும் இடம் என்பதால் வண்டி நிறுத்துவது பெரும்பாடு. மூட்டை அதிகமென்றால் தள்ளுவண்டிக்காரரைப் பிடித்து, கூலியை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

காவடிக்குச் செண்டுமல்லி வேண்டும். மேரிகோல்டு என்று கேளுங்கள். பூவை அமுக்கிப் பார்த்தால் கெட்டியாக இருக்க வேண்டும், அடியிலுள்ள பச்சைக் கிண்ணம் பழுத்திருக்கக் கூடாது. இதழைப் பிரித்து அடியைப் பாருங்கள். பழுப்பு தெரிந்தால் தண்ணீர் தெளித்துப் பழைய பூவைப் புதுசாகக் காட்டுகிறார்கள் என்று பொருள். மறுநாள் ஊர்வலத்தில் வெயில் ஏறுமுன்பே அது உதிரும். காவடி வளைவின் நீளம் நாலடி, மூன்று வரிசை என்றால் பன்னிரண்டு அடிச் சரம். அடிக்குப் பத்து முதல் பன்னிரண்டு பூ பிடிக்கும், ஆக 120 முதல் 144. உடைவதற்கென்று இருபது கூடுதலாக வாங்குங்கள். நைலான் நூல் கிண்ணத்தை அறுத்துவிடும் என்பதால் பருத்தி நூலில்தான் கோக்க வேண்டும். பூவைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் வியர்த்து அழுகும். ஈரத்துணி விரித்த அட்டைப்பெட்டியில் திறந்து வைத்தால் ஒரு ராத்திரி தாங்கும்.

வேப்பிலையில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இங்கே வேப்பிலை என்று பலர் தருவது சிரிங்கா, அதாவது மலைவேம்பின் இனம். உண்மை வேம்பில் ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் அரிவாள் போல வளைந்து, ஓரம் பல்லிட்டிருக்கும். சிரிங்காவில் காம்பு மறுபடியும் கிளை பிரிந்து, அதன்மேல் இலை இருக்கும். தோரணத்துக்கும் காப்புக்கும் நம் பாட்டிமார் சிரிங்காவையே கட்டினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கூழில் போடுவதோ மென்று தின்பதோ கூடாது, மஞ்சள் காய்கள் நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் காயோடு கொத்து வாங்காதீர்கள். இன்னொரு சங்கடம்: ஆடி மாதம் இங்கே குளிர்காலம், சிரிங்கா இலை கொட்டிக் காயோடு மொட்டையாக நிற்கும். அதனால் ஆடிக் கூழுக்கு இலை வேண்டுவோர் உண்மை வேம்பு வளர்க்கும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதே வழி. சந்தையை மட்டும் நம்பினால் வெறுங்கையோடு திரும்ப நேரும்.

கூழுக்குச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் இங்கே ஒரே சுற்றில் கிடைத்துவிடும். கேழ்வரகு மாவோ சோள மாவோ ஒரு கிலோவுக்கு நாலு முதல் ஐந்து லிட்டர் தண்ணீர். மாவை முதலில் குளிர்ந்த நீரில் கரைத்துப் புளிக்க விடுங்கள். கோடையில் ஒரு ராத்திரி போதும், ஆடிக் குளிரில் ஒரு முழு நாள் வேண்டும். உலர்ந்த மாவைக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் கரையாது. அமாசியோ (இங்கே விற்கும் புளித்த பால்) மோரோ ஆறிய பிறகுதான் சேர்க்க வேண்டும், சூட்டில் ஊற்றினால் திரிந்துவிடும்.

தேங்காயை ஆட்டிப் பாருங்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும், கண்கள் காய்ந்திருக்க வேண்டும். கண்ணில் ஈரமோ பூசணமோ இருந்தால் உள்ளே கெட்டது. குடுமியைச் செதுக்கி விற்பவரிடம் வாங்காதீர்கள். அம்மனுக்குச் சேவல் நேர்ந்தவர்களுக்கு உயிருள்ள கோழிகளும் உண்டு: கொண்டை சிவந்து, கண் தெளிந்து, எச்சம் ஒட்டாத பின்பக்கம் உள்ளதாகப் பார்த்து, துளையிட்ட பெட்டியில் கொண்டு போங்கள். பலி வேண்டாம் என்பவர்கள் பூசணிக்காய் வெட்டட்டும். குலவழக்கப்படி சேவல் கொடுப்பவரைப் படித்தவர்கள் பழிப்பது மட்டும் சரியல்ல; வழிபாட்டுச் சுதந்திரம் இந்த நாட்டு அரசியல் சாசனம் தந்தது.

பெரிய வெள்ளிக்கு முந்தைய வாரம் கூட்டம் தாங்காது. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கும் மவுண்ட் எட்ஜ்கம் கோயிலுக்கும் திருவிழா அப்போதுதான் என்பதால் பூவும் தேங்காயும் விலை ஏறும். முடிந்தால் புதன்கிழமையே வாங்கிவிடுங்கள். கிறிஸ்தவப் பண்டிகை நாளில் மாரியம்மனுக்கு என்ன விழா, பஞ்சாங்கப்படி மாற்றலாமே என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்குக் கிடைத்த விடுமுறை அது. அந்த ஒரு நாளையும் அம்மனுக்கே கொடுத்தார்கள். அவர்கள் நிலைநிறுத்திய வழக்கத்தைத் தொடாமல் விடுவதே மரியாதை.

இந்தச் சந்தையையும் அதே மரியாதையோடு பார்க்க வேண்டும். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம், மாநகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மாகசின் பாரக்ஸ் தமிழ்க் குடும்பங்களைச் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்தது, ஆனால் சந்தையைப் பெயர்க்கவில்லை. 2009-ல், 2010 கால்பந்து உலகக் கோப்பைக்கு முன்பாக இதை இடித்து மால் கட்ட மாநகராட்சி முனைந்தபோது, இந்திய வணிகர்களும் சூலு (Zulu) இன வணிகர்களும் சேர்ந்து நின்று தடுத்தார்கள். முன்னேற்றம் என்ற பேரில் மறுபடியும் அப்படி ஒரு திட்டம் வந்தால் நம் கோயில் கமிட்டிகள் முதல் ஆளாக எழுந்து நிற்க வேண்டும். அதற்கு முன், கமிட்டிகள் திருவிழாப் பூவை மொத்தமாக இங்கேயே வாங்கத் தொடங்கினால் வணிகர்களுக்கு உடனடி உதவி.

கற்பூரத்தை மட்டும் எங்கே வாங்கினாலும் சோதித்து வாங்குங்கள். ஒரு வில்லையைக் கரண்டியில் கொளுத்துங்கள். முழுதும் எரிந்து ஒன்றும் மிஞ்சாவிட்டால் நல்லது. பிசுபிசுப்பாக ஏதாவது தங்கினால் மெழுகு கலந்தது, அந்தப் பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.