பியாஜேயா, வைகொட்ஸ்கியா: தோட்டப் பாடசாலை வகுப்புக்கு எது?

இலங்கை மலையகத்தில் அட்டன், நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் பலர் பியாஜே, வைகொட்ஸ்கி இருவருக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள். இருவரும் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர்கள்; 1896இல் பிறந்தவர்கள். போன வழி வேறு.

அடிப்படை
பியாஜே: பிள்ளை தானே தொட்டு, செய்து பார்த்து அறிவைக் கட்டுகிறது. ஏறத்தாழ 7 முதல் 11 வயது வரை கையில் பொருள் இருந்தால் சிந்தனை நன்றாக ஓடும்.
வைகொட்ஸ்கி: பேச்சும் துணையும் முக்கியம். பிள்ளை இன்று உதவியோடு செய்வதை நாளை தனியே செய்யும்.

செலவு
பியாஜே: ஈர்க்கு, கூழாங்கல், தேயிலைக் காய் போதும்.
வைகொட்ஸ்கி: செலவே இல்லை.

நடைமுறை
பியாஜே: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நேரம் வேண்டும். வயதைக் காட்டி "இவனுக்கு இன்னும் வராது" என்று ஒதுக்கும் ஆபத்தும் உண்டு. அது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.
வைகொட்ஸ்கி: பல தரங்கள் (வகுப்புகள்) ஒரே மண்டபத்தில் இருந்தால் இதுதான் பலம். தரம் 5 அக்கா தரம் 3 தம்பிக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் விடையைச் சொல்லாமல், "அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்க அவளைப் பழக்க வேண்டும். அப்புறம் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

கணிதத்தில் இடப்பெறுமானம் (ஒன்று, பத்து, நூறு என்ற இட மதிப்பு), அளவீடு தொடங்கும்போது பியாஜே. வாசிப்பு, எழுத்து, இரண்டாம் மொழியாகச் சிங்களம் என்றால் தயங்காமல் வைகொட்ஸ்கி.